ஆத்தாளைத் திட்டிய சனிக்கிழமை

பதினொரு பேர்கிட்ட பொய் சொல்லி ஒப்பு, அதான் கையெழுத்து, வாங்குனவ நானு. அத்தனை பேரும் என்னை நம்புனவங்க. இதை முதல்லயே சொல்லிப்போடறேன். இல்லீன்னா மாரியாத்தா எனக்குச் செஞ்சதைப் படிச்சுப்போட்டு, இவ பெரிய பக்தையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்குவீங்க. நான் அப்படி இல்லீங்க. எனக்கு ஆத்தா செஞ்சதும் நீங்க நெனைக்கற மாதிரி இனிப்பான காரியம் இல்லை.

என் பேரு தனலட்சுமி. கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குக் கேரளாப் பக்கம் ஒரு நார் மில்லு. அங்க இருவது வருசமா வேலை செய்யறேன். தேங்காய் மட்டையை அடிச்சு நார் எடுத்தது போக மிஞ்சற தூளைத் தண்ணியில கழுவி, களத்துல காயப்போட்டு, மிசின்ல அமுக்கிக் கட்டி கட்டியா வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. அங்க மண்ணுக்குப் பதிலா அதுல செடி வளர்க்கறாங்களாம். களத்துல தூளைக் கிளறி விடறது பூராவும் பொம்பளைங்க வேலை. நானும் அங்கதான் பதிமூணு வருசம் வெயில்ல நின்னேன். சின்ன வயசுல எங்கப்பாரு என்னை மலையாளப் பள்ளிக்கூடத்துல சேர்த்துவிட்டிருந்தாரு. எழுதப் படிக்க நல்லாத் தெரியும். அதனால ஆபீசுல உக்கார வெச்சாங்க. யாரு வந்தாங்க, யாரு வரலை, லீவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., ரெண்டு பேருக்குள்ள சண்டைன்னா சமாதானம், எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். கதவுல எச்.ஆர்.னு ஒரு தாளை ஒட்டி வெச்சாங்க. களத்துல என்னை ஆபீசம்மான்னு கூப்புட ஆரம்பிச்சாங்க.

நம்ம பக்கம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். வாயில பேசறது தமிழு, கையில வர்ற காகிதம் மலையாளம். ஆசுபத்திரிச் சீட்டு, ரேசன் கார்டுக்கு எழுதிப் போடற அபேட்சை, பஞ்சாயத்து நோட்டீசு, எது வந்தாலும் களத்துப் பொம்பளைங்க மடிச்சு இடுப்புல சொருகிட்டு எங்கிட்ட வருவாங்க. நான் படிச்சுச் சொல்லுவேன். தனம் சொன்னாச் சரின்னு ஒரு பேரு இருந்துச்சு. அந்தப் பேரைத்தான் நான் வித்தேன்.

போன வருசம் தை மாசத்துல இருந்தே ஆர்டர் கொறைய ஆரம்பிச்சுது. முதல்ல ஒரு நாட்டுக்காரங்க நிறுத்துனாங்க. பொறகு இன்னொருத்தங்க இப்ப வேண்டாம்னு எழுதுனாங்க. மூணு மிசின்ல ரெண்டு நின்னுபோச்சு. வாரத்துல ஆறு நாள் வேலை நாலு நாளாச்சு. பக்கத்துல ரெண்டு மில்லு கதவையே சாத்திட்டாங்க. பங்குனி முடியறதுக்குள்ள, இருக்கற ஒரே ஆர்டரை வெச்சுத்தான் எங்க மில்லு மூச்சு விட்டுட்டு இருந்துச்சு. கஷ்டம் இருந்தது நெசம். அதை நான் இல்லீன்னு சொல்ல மாட்டேன். கஷ்ட காலத்துல யாரைக் கொண்டுபோய்க் கெணத்துல தள்ளறாங்கங்கறதுதான் என்ற கோவம்.

முதலாளிக்கு வயசாயிருச்சு. மில்லை அவரோட மருமகன்தான் பார்த்துக்கறாரு. வைகாசி மாசம் ஒரு புதன்கிழமை மருமகன் சார் என்னை உள்ள கூப்புட்டாரு. ஒரு தாளை நீட்டுனாரு. அதுல பதினெட்டுப் பேரு. எல்லாருமே களத்துப் பொம்பளைங்க, எல்லாருமே பத்து வருசத்துக்கு மேல வேலை செஞ்சவங்க. பழைய ஆளுங்களை நிறுத்துனாத்தான் பாரம் கொறையும்னாரு. சட்டப்படி நிறுத்தணும்னா முன்கூட்டியே நோட்டீசு குடுக்கோணும், நஷ்டஈடு குடுக்கோணும், லேபர் ஆபீசுக்கு நடக்கோணும். அவங்களே எழுதிக் குடுத்துட்டுப் போனா அந்தத் தொந்தரவு ஒண்ணும் இல்லை. மலையாளத்துல அடிச்சு வெச்ச பதினெட்டுக் காகிதத்தை எடுத்து மேசை மேல வெச்சாரு. பி.எஃப். கணக்குல பேரு சரி பண்றதுக்குன்னு சொல்லி ஒப்பு வாங்கிரு தனம், நீ சொன்னாப் போட்டுருவாங்கன்னு சொன்னாரு.

நான் முடியாதுன்னு சொல்லலை. அவங்க பாவமுங்க சார்னு மட்டும் மெதுவாச் சொன்னேன். அவரு அந்தப் பதினெட்டுப் பேருக்குக் கீழ காமிச்சாரு. பத்தொம்பதாவதா பென்சில்ல ஒரு பேரு எழுதியிருந்துச்சு. தனலட்சுமி.

"பென்சில்லதான் எழுதியிருக்கேன்"னாரு. சிரிச்சுட்டே சொன்னாரு.

எனக்கு ஒடம்பெல்லாம் தீப்புடிச்சாட்ட ஆச்சு. அந்தக் கோவத்தை நான் என்ன பண்ணுனேன்னு கேளுங்க. பல்லைக் கடிச்சு முழுங்கிட்டு, காகிதத்தை எடுத்துட்டு என் மேசைக்கு வந்தேன்.

எங்கூட்டுக்காரரு லோடு ஆட்டோ ஓட்டிட்டு இருந்தாரு. முதுகுத்தண்டுல வட்டு நகர்ந்து ஆறு மாசமா ஊட்டுல படுத்திருக்காரு. பொண்ணு கோயமுத்தூர்ல நர்சிங் படிக்கறா. இதைச் சாக்காச் சொல்லலை. என்னாட்ட நெலமையில இருந்தும் பொய் சொல்லாதவங்க இருக்கறாங்க. நடந்ததைச் சொல்லறேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை டீ நேரத்துல ஒவ்வொருத்தரா ஆபீசுக்குக் கூப்புட்டேன். கையெல்லாம் தூளு. சேலையில துடைச்சுட்டுப் பேனாவை வாங்குனாங்க. ஒப்பு போடத் தெரியாதவங்க மையில விரலை வெச்சு உருட்டுனாங்க. என்ன காகிதம்னு ரெண்டு பேருதான் கேட்டாங்க. பி.எஃப்.னு சொன்னதும் சரின்னு போயிட்டாங்க. ஒருத்தி ஒப்பு போட்டுட்டு, எங்களுக்காக எவ்வளவு பாடுபடறன்னு என்ற கன்னத்தைத் தொட்டுட்டுப் போனா. அன்னைக்குப் பதினொண்ணு முடிஞ்சுது. பாக்கி ஏழு பேரு லீவுல இருந்தாங்க. திங்கக்கிழமை வாங்கி மொத்தமாக் குடுக்கறேன்னு மருமகன் சார்கிட்டச் சொல்லிப்போட்டு, காகிதத்தையெல்லாம் துணிப்பையில வெச்சு ஊட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்.

பதினொண்ணாவதா ஒப்பு போட்டது மாராத்தாக்கா. இவங்களைப் பத்திச் சொல்லியாகோணும். வயசு அம்பத்தஞ்சு இருக்கும். ஊட்டுக்காரரு இல்லை, புள்ளையும் இல்லை. என் பொண்ணு பொறந்தப்ப ஆசுபத்திரியில மூணு நாள் எங்கூட இருந்தவங்க. அதிகமாப் பேச மாட்டாங்க. அன்னைக்கும் ஒண்ணும் கேக்கலை. உன்னாட்ட ஆளுங்க இருக்கறதுனாலதான் எங்க காலம் ஓடுதுன்னு சொல்லிட்டு விரலைத் துடைச்சுட்டுப் போயிட்டாங்க.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் ஊட்டுக்கு வந்து எங்கூட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவரு படுத்துட்டே கேட்டுட்டு இருந்தாரு. நம்ம பேரு இருக்குதான்னாரு. இப்ப இல்லைன்னேன். அப்ப உடுன்னு சொல்லிட்டுச் சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. கெட்டவரு இல்லீங்க. பயந்துபோன மனுசன். ஆனா அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அவரு மேலயும் கோவம் பொத்துட்டு வந்துச்சு. எம்மேலயே வந்த கோவந்தான் அது. அவரு சொன்னதைத்தான நான் மூணு நாளா மனசுக்குள்ள சொல்லிட்டு இருந்தேன்.

பையை எடுத்துட்டு நேரா மாரியாத்தா கோயிலுக்குப் போனேன்.

மணி நாலு இருக்கும். நடை சாத்தியிருந்துச்சு. கம்பிக்கதவு வழியாப் பார்த்தா உள்ள ஒரு விளக்கு மட்டும் எரிஞ்சுட்டு இருந்துச்சு. சுத்தி ஒரு ஆளு இல்லை. நான் கும்படலை. கையைக் கூப்பக்கூட இல்லை. கம்பியைப் புடிச்சுட்டு ஆத்தாளைத் திட்ட ஆரம்பிச்சேன்.

ஏனாத்தா, உனக்குக் கண்ணு இருக்குதா இல்லியான்னு கேட்டேன். கோயில் நோம்பி சாட்டுனா உனக்குக் கம்பம் நட்டுத் தண்ணி ஊத்தறது யாரு, மாவெளக்கு எடுக்கறது யாரு, தீச்சட்டிப் பூவோடு எடுத்துட்டு வெயில்ல நடக்கறது யாரு? இந்தக் களத்துப் பொம்பளைங்கதான? அவங்களுக்கு ஒண்ணுன்னா நீ கண்ணை மூடிக்குவியா? அந்த ஆளு ஏசி ரூம்புல உக்காந்து பென்சில்ல எழுதறப்ப நீ எங்க போயிருந்த? என்னை எதுக்கு மலையாளம் படிக்க வெச்ச? இதுக்கா? படிக்கத் தெரியாம நானும் களத்துல நின்னிருந்தா, ஏமாந்தவளாவாச்சும் இருந்திருப்பேன். இப்ப ஏமாத்துனவளாயிட்டேன். இதுக்கா என்னை ஆபீசுல உக்கார வெச்ச?

இன்னும் மோசமாவும் பேசுனேன். எழுதறதுக்கு நாக்கூசுது. சத்தம் போட்டுத்தான் பேசுனேன். கடைசியில அழுகை வந்துருச்சு. திங்கக்கிழமை காத்தால இந்தக் காகிதம் என் கையை விட்டுப் போயிரும், அதுக்குள்ள எதாச்சும் பண்ணு, எனக்கு வாயைத் தொறக்கத் தைரியம் இல்லை, நீ பண்ணலைன்னா இனி இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொன்னேன். வேண்டுதல்னு பார்த்தா அவ்வளவுதான். பணிவும் இல்லை, பக்தியும் இல்லை.

சொல்லி முடிச்சுட்டு அங்கயே உக்காந்திருந்தேன். ஒரு அரை மணி நேரம் ஆயிருக்கும். செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்புனேன். மாராத்தாக்கா வந்துட்டு இருந்தாங்க. தலைக்கு ஊத்தி, வெளுத்த சேலை கட்டி, கையில தட்டு. தட்டுல தேங்காய், பழம், வெத்தலை, கொஞ்சம் செவ்வரளி.

என்னைப் பார்த்ததும் அவங்க மொகம் மலர்ந்துபோச்சு. நல்லவேளை நீயே வந்துட்ட, உன்னைத் தேடி ஊட்டுக்கு வரலாம்னு இருந்தேன்னாங்க.

"உன்ற பேருக்குத்தான் அர்ச்சனை பண்ண வந்தேன் அம்மிணி. நட்சத்திரம் தெரியலை. என்ன நட்சத்திரம்?"

எதுக்குங்கக்கான்னேன். எத்தனை வருசமா எங்க காகிதத்தையெல்லாம் பாத்துப் பாத்துச் சரி பண்ற, நேத்து பி.எஃப்.புக்கும் நீதான் மெனக்கெட்ட, நாங்க உனக்கு என்ன செஞ்சோம்னாங்க. உங்கூட்டுக்காரருக்கு முதுகு சரியாகோணும்னும் வேண்டிக்கறேன்னாங்க.

இதைவிடக் கொடூரமா எந்தச் சாமியும் பதில் சொல்லாதுங்க. நான் கேட்டது ஒரு வழி. ஆத்தா அனுப்புனது இவங்களை.

ஆயில்யம்னு சொன்னேன். அஞ்சு மணிக்குப் பூசாரி வந்து நடையைத் தொறந்தாரு. தனலட்சுமி, ஆயில்ய நட்சத்திரம்னு அவரு சொல்லறதைக் கேட்டுட்டு நின்னேன். சூடம் காட்டுனாரு. ஆத்தா மொகத்தைப் பார்க்க எனக்குப் பயமா இருந்துச்சு. மாராத்தாக்கா குங்குமத்தை எடுத்து என் நெத்தியில வெச்சாங்க. மையில உருட்டுன அந்த விரல்ல இன்னும் நீலம் போகலை.

வெளிய வந்து வேப்பமரத்தடியில நின்னோம். நான் பையில இருந்து அவங்க காகிதத்தை எடுத்தேன். அக்கா, இது பி.எஃப். காகிதம் இல்லீங்கன்னேன். படிச்சேன். ஒவ்வொரு வரியையும் மலையாளத்துல படிச்சு, தமிழ்லயும் சொன்னேன். இன்ன மில்லுல வேலை செய்யற நான், என் குடும்பக் காரணத்துனால, யாரும் கட்டாயப்படுத்தாம, என் சொந்த விருப்பத்துல வேலையில இருந்து நின்னுக்கறேன். எனக்கு இனி மில்லுல இருந்து வரவேண்டியது எதுவும் இல்லை. கீழ அவங்க கைரேகை.

அவங்க அழுகலை. இன்னொருக்காப் படின்னாங்க. படிச்சேன்.

"படிக்கத் தெரியாததுக்கு இத்தனை வருசமா நான் வெக்கப்பட்டுட்டு இருந்தேன். இனி வெக்கப்பட மாட்டேன்"னாங்க.

என்னை அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

போறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொன்னாங்க. நாளைக்குக் காத்தால வா, எல்லா ஊட்டுக்கும் போகோணும், நீதான் படிக்கோணும்.

ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கே போனேன். அவங்க முன்னால நடந்தாங்க, நான் பின்னால. வழியில ஒரு வார்த்தை பேசலை. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, ஊட்டுல இருக்கறவங்களையெல்லாம் வெளிய வரச் சொல்லுவாங்க. அப்பொறம் என்னைக் காமிச்சு, "இவ படிப்பா, கேளுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு அக்கட்டால தள்ளி நின்னுக்குவாங்க.

பத்து ஊட்டு வாசல்ல நின்னு படிச்சேன். காகிதத்துக்கு மேல தலைப்பு 'ராஜி'ன்னு இருந்துச்சு. ரெண்டாவது ஊட்டுல செல்வின்னு ஒருத்தி, ராஜின்னா நல்லதுதானக்கா, சமாதானம்தானன்னு கேட்டா. நம்ம தமிழ்ல அப்படித்தான், மலையாளத்துல ராஜின்னா வேலையை உட்டுப் போறதுன்னேன். புரிஞ்சதும் எங்காலடியில காறித் துப்புனா. இன்னொரு ஊட்டுல அந்தம்மாளோட தம்பி கையை ஓங்கிட்டு வந்தாரு. மாராத்தாக்கா குறுக்க வந்து, படிச்சு முடிக்கட்டும், அப்பொறம் அடின்னாங்க. படிச்சு முடிச்சப்ப அவரு அடிக்கலை, உள்ள போயிட்டாரு. என் கன்னத்தைத் தொட்டுட்டுப் போனாளே, அவ ஊட்டுல மட்டும், வெயில்ல வந்திருக்கறன்னு குடிக்க மோர் குடுத்தா. முழுசும் கேட்டுட்டு, டம்ளரைத் திருப்பி வாங்கிட்டா. நான் பாதிதான் குடிச்சிருந்தேன்.

அவங்கவங்க காகிதத்தை அவங்கவங்க கையிலயே குடுத்தேன். சிலபேரு கிழிக்கப் போனாங்க. கிழிக்காதீங்க, அதுதான் சாட்சின்னு சொன்னேன். லிஸ்டுல இருந்த பாக்கி ஏழு பேருக்கும் சொன்னோம். சாயங்காலத்துக்குள்ள லிஸ்டுல இல்லாதவங்களும் கேள்விப்பட்டு வந்துட்டாங்க. இன்னைக்கு இவங்க, நாளைக்கு நாமன்னு அவங்களுக்கே புரிஞ்சுபோச்சு.

திங்கக்கிழமை காத்தால களத்துல நாப்பது பொம்பளைங்களும் வந்தாங்க. யாரும் தூளைத் தொடலை. ஓரமா வரிசையா நின்னாங்க. களம் பூராவும் தூளு முக்கால்வாசி காஞ்சு கெடந்துச்சு. வெயில் ரெண்டு நாள் அடிச்சாப் போதும், அமுக்கி ஏத்திரலாம். அந்த வாரமே கன்டெய்னர் போயாகோணும். இருக்கற ஒரே ஆர்டர் அதுதான்னு சொன்னேனில்ல.

மருமகன் சார் என்னைக் கூப்புட்டுக் காகிதமெல்லாம் எங்கன்னாரு. அவங்கவங்க கையில இருக்குதுங்கன்னேன். அவரு மொகம் போன போக்கைப் பார்க்கோணும். வெளிய போன்னாரு. போயி அவங்களோட நின்னேன். பக்கத்துல நின்னவ ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டா. சரின்னு நானும் தனியாவே நின்னேன்.

ஒம்பது மணி போலத்தான் ஆச்சு, மேக்கால மானம் கறுக்க ஆரம்பிச்சுது. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து உங்களுக்குத் தெரியும். வந்தாத் தள்ளிட்டு வரும். முதல் நாள் வரைக்கும் சுட்ட வெயிலு. அன்னைக்கு மேகம் மலையாட்ட எந்திரிச்சு வந்துச்சு. தார்ப்பாய் எல்லாம் செட்டுல சுருட்டி வெச்சது வெச்சபடியே இருந்துச்சு. மருமகன் சார் கத்துனாரு, போலீசு வரும்னாரு, எல்லாரையும் நிறுத்திருவேன்னாரு. அதான் நிறுத்திட்டீங்களேன்னு செல்வி காகிதத்தைத் தூக்கிக் காமிச்சா.

பத்தரைக்கு முதலாளி காருல வந்து இறங்குனாரு. மூணு மாசமா மில்லுப் பக்கமே வராதவரு. களத்தைப் பார்த்தாரு, மானத்தைப் பார்த்தாரு. அப்பொறம் என்னைப் பார்த்தாரு. என்ன தனம், நீயுமான்னு கேட்டாரு. இவருக்குத் தெரியாம இது நடந்திருக்கும்னு நான் இன்னைக்கும் நம்பலை.

எனக்கு வாய் தொறந்துச்சு. முதல் நாள் பூராவும் ஊட்டு ஊட்டாப் படிச்ச வாயி அது.

"மொதல்ல தப்பு பண்ணுனது நான்தானுங்க. பொய் சொல்லி ஒப்பு வாங்குனேன். இந்தக் காகிதத்தை வெச்சு லேபர் ஆபீசுக்கு மனு எழுதவும் எனக்குத் தெரியுமுங்க. மலையாளத்துலயே எழுதுவேன். பொய் சொன்னது நானுன்னு அதுலயும் எழுதுவேன்"னேன்.

முதலாளி இன்னொருக்கா மானத்தைப் பார்த்தாரு. உங்களுக்கு என்னதான் வேணும்னாரு. நான் எதாச்சும் சொல்றதுக்குள்ள மாராத்தாக்கா முன்னால போயிட்டாங்க.

"வேலை வேணுமுங்க. எல்லாருக்கும். பாதி வேலைதான் இருக்குதுன்னா ஆளுக்குப் பாதி போதுமுங்க. ஒருத்தரையும் தனியாப் பிரிச்சுத் தள்ளாதீங்க."

நாங்க யாரும் அப்படி முன்கூட்டிப் பேசி வெக்கலை. அவங்க ஞாயித்துக்கிழமை முழுக்கப் பேசாம நடந்தாங்களே, அப்பவே இதைத்தான் ரோசனை பண்ணிட்டு வந்திருக்காங்க. ஆறு வருசமா எச்.ஆர். தாளு ஒட்டுன ரூம்புல உக்காந்திருந்த எனக்கு இது ஒரு நாளும் தோணலை. மருமகன் சாருக்கும் தோணலை. அவருக்குத் தோணாதது பரவாயில்லை. எனக்குத் தோணாம இருந்ததுக்குக் காரணம் பயம்.

மேகம் களத்துக்கு மேல வந்துருச்சு. முதலாளி சரின்னாரு. வாயில சொன்னாப் பத்தாதுங்கன்னேன். அங்கயே ஒரு டிரம்மு மேல தாளை வெச்சு எழுதுனேன். ரெண்டு குழுவாப் பிரிஞ்சு வாரம் விட்டு வாரம் வேலை, ஆர்டர் திரும்பி வந்தா எல்லாருக்கும் பழையபடி, தானா நிக்கறவங்களுக்குச் சட்டப்படி உள்ளது, வெள்ளிக்கிழமை வாங்குன காகிதம் எதுவும் செல்லாது. இடது பக்கம் தமிழு, வலது பக்கம் மலையாளம். சத்தமாப் படிச்சுக் காமிச்சேன். முதலாளி ஒப்பு போட்டாரு. அவரு பேனாவை மூடறதுக்கு முன்னாலயே பொம்பளைங்க செட்டுக்கு ஓடுனாங்க. தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, கல்லைத் தூக்கி வெச்சுட்டு நிமிரறப்பத்தான் முதல் சொட்டு விழுந்துச்சு. நெனச்சுப் பாருங்க, அந்த மழை ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தா முதலாளிக்கு இழக்கறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருந்திருக்காது. எங்க பேச்சைக் கேட்டிருக்கவும் மாட்டாரு. ஒரு நாள் பிந்தி வந்திருந்தா நாங்க நிக்கறதைப் பத்தி அவருக்குக் கவலையே வந்திருக்காது.

வைகாசிக் கடைசியில மழை வர்றது அதிசயமான்னு நீங்க கேக்கலாம். அதிசயம் இல்லீங்க. ஆத்தா மழையை அனுப்புனான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தட்டோட மாராத்தாக்காளை அனுப்புனது ஆத்தாதான். அதுக்குச் சத்தியம் பண்ணுவேன்.

என்ற வேலையைச் சொல்லறேன். அடுத்த வாரமே ஆபீசுல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க. ரெண்டு குழுவுக்கும் ஆள் பட்டியல் போட்டதுதான் நான் அங்க செஞ்ச கடைசி வேலை. இப்ப களத்துல நிக்கறேன். மூணு பேரு உடம்புக்கு முடியலைன்னு தாங்களாவே நின்னாங்க, அவங்களுக்குச் சேரவேண்டியது சேர்ந்துச்சு. ஐப்பசிக்கு மேல ஆர்டர் கொஞ்சம் வந்துச்சு. இப்ப எல்லாருக்கும் வாரத்துல அஞ்சு நாள் வேலை இருக்குது. எங்கூட்டுக்காரரு ஒரு மாசம் எங்கூடப் பேசலை, அப்பொறம் பேசுனாரு. இப்ப எந்திரிச்சு நடக்கறாரு. பொண்ணு படிப்பு நிக்கலை. எப்படி நிக்காம ஓடுச்சுன்னு எனக்கே தெரியலை. மருமகன் சார் இன்னும் அதே நாக்காலியிலதான் இருக்காரு. தெனம் காத்தால எல்லாருக்கும் குட்மார்னிங் சொல்லறாரு. எனக்கு இன்னும் வயிறு எரியுது. சாமி கும்பிட்டதும் கோவம் ஓடிப்போச்சுன்னு சொல்லறவங்க சொல்லட்டும். எனக்குப் போகலை. போகோணும்னு நான் வேண்டவும் இல்லை.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கோயில் மண்டபத்துல உக்காந்து களத்துப் பொம்பளைங்க மலையாளம் படிக்கறாங்க. நான்தான் எழுதிக் காட்டறேன். என்னை நம்பாதீங்க, நீங்களே படிச்சுக்குங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். முதல்ல நாலு பேரு வந்தாங்க, இப்ப பதினேழு பேரு. செல்வி எல்லாருக்கும் முன்னால உக்காந்து என் எழுத்துல தப்பு தேடறா. மாராத்தாக்கா கடைசி வரிசையில உக்காருவாங்க. எங்கிட்ட இன்னும் சரியாப் பேசறதில்லை. போன மாசம் அவங்க விதவைப் பென்சனுக்கான அபேட்சையைக் கொண்டுவந்தாங்க. எங்கிட்டக் குடுக்கலை. எழுத்துக்குக் கீழ விரலை வெச்சு, ஒரு மணி நேரம் தானே படிச்சாங்க. ரெண்டு எடத்துல நின்னு யோசிச்சாங்க, என்னைக் கேக்கலை. முடிச்சுட்டு மையில விரலை வெக்காம, பேரை எழுதி ஒப்பு போட்டாங்க.

அவங்க எங்கிட்டப் பழையபடி பேசோணும்னு ஆத்தாகிட்ட இப்ப வேண்டிட்டு இருக்கேன். இன்னும் பதில் வரலை. அதுக்கும் சண்டை போட்டுட்டுத்தான் இருக்கேன்.

மில்லுலயும் கடையிலயும் ஆசுபத்திரியிலயும் நாலு பேருக்கு மேல உக்காந்து ஆளுங்களைப் பார்த்துக்கற வேலையில இருக்கற என்னாட்டப் பொம்பளைங்களுக்குத்தான் இதை எழுதறேன். உங்க மேசைக்கும் ஒரு நாள் அந்த மாதிரிக் காகிதம் வரும். காலம் கெட்டுப்போச்சுன்னு சொல்லித்தான் குடுப்பாங்க. பல்லைக் கடிச்சு முழுங்காதீங்க. கோயிலுக்குப் போங்க. நல்ல வார்த்தை வரலைன்னா திட்டுங்க, ஆத்தா கோவிச்சுக்க மாட்டா, எனக்குத் தெரியும். ஆனா திட்டி முடிச்சுட்டு ஒடனே எந்திரிச்சு வந்துராதீங்க. சித்த நேரம் உக்காந்திருங்க. பதில் யாரு கையில தட்டோட வருதுன்னு தெரியாது. வந்துச்சுன்னா, என்ன வலிச்சாலும் ஓடாதீங்க.